கோதண்டம் சாகும் எபிசோடு

"யாருப்பா அந்த எட்டுக்காலு?"

போனில் வந்த இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உதயா டீ கிளாஸைக் கீழே வைத்தான். கேட்டிருந்தவர் சொக்கம்மாள். அவன் கட்டிக்கொள்ளப் போகும் நீலாவின் அத்தை. அவன் பேசி அனுப்பியது நண்பர்களின் அனிமே குரூப்புக்கு. அங்கே அத்தைகள் கிடையாது.

குரூப்பின் பெயரைப் பார்த்தான். 'நீலா உதயா கல்யாணம்'. இரண்டு வீட்டு உறவும் அதில் இருந்தது. அதற்கு நடுவில் அவன் குரல், வாய்ஸ் நோட்டாக.

காதில் வைத்துக் கேட்டான்.

"மாமு! கோதண்டம் சாகறப்போ எனக்குப் புல்லரிச்சிடுச்சுடா! மூணு தபா திரும்பத் திரும்பப் பாத்தேன். பவானிதான் விசம் வெச்சா, சூப்புல. இத்தினி நாளா சிரிச்சிகினே இருந்தா பாரு! அப்பால எட்டுக்காலு வந்து கோதண்டம் சீட்டுல சோக்கா குந்திட்டான். செம்ம! இதுதான்டா முடிவு. இதவிட நல்ல சாவு கோதண்டத்துக்கு வராது!"

கோதண்டம் என்பது நீலாவின் அப்பா பெயர். பவானி, அம்மா.

அழிக்கப் போனான். எல்லாருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. அவசரத்தில் எனக்கு மட்டும் என்பதில் விரல் பட்டுவிட்டது. அவன் போனிலிருந்து குரல் மறைந்தது. மற்ற எல்லார் போனிலும் இருந்தது. இனிமேல் அவன் நினைத்தாலும் அழிக்க முடியாது.

குரூப்பின் அட்மின் நினைத்தால் அழிக்கலாம். அட்மின் கோதண்டம்தான். அவர் தன் லாஞ்சில், காசிமேட்டிலிருந்து வெகுதூரத்தில், டவர் இல்லாத கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். 'உப்புத் தபால்' என்று ஓர் அனிமே, பன்னிரண்டு எபிசோடு ஜப்பான் கார்ட்டூன் தொடர். கடலுக்கு அடியில் ஒரு தபால் ஆபீஸ். கடலில் போனவர்களுக்குக் கரையில் இருக்கிறவர்கள் எழுதும் கடிதமெல்லாம் அங்கே வந்து சேரும். மீசை வைத்த குண்டுத் தபால் அதிகாரி ஒருவர் அவற்றைப் பிரித்துக் கொடுப்பார். எட்டுக் கையாலும் முத்திரை குத்தும் ஆக்டோபஸ் ஒன்று அவருக்குக் கீழே வேலை பார்க்கும். முதல் எபிசோடிலேயே உதயா அழுதான். யாரோ எழுதிய கடிதம் யாருக்கோ போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். ஏன் அழுதான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஜப்பான் பெயர்கள் அவர்கள் குரூப்பில் யார் வாயிலும் நுழைவதில்லை. எல்லாப் பாத்திரத்துக்கும் ஊர்ப் பெயர்தான். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்த அன்றே தபால் அதிகாரிக்குக் கோதண்டம் என்று பெயர் விழுந்துவிட்டது. அதே மீசை. அதே தொப்பை. அதே மாதிரி ஒரு புருவம் மட்டும் மேலே. அதிகாரியின் மனைவி தானாகவே பவானி ஆனாள். ஆக்டோபஸ், எட்டுக்காலு.

குரூப்பின் சட்டம் ஒன்றே ஒன்று. இன்னும் பார்க்காதவன் ஒருத்தன் இருந்தாலும் முடிவைச் சொல்லக் கூடாது. ஸ்பாய்லர் என்பது அங்கே கொலைக்குச் சமம். சட்டம் போட்டவன் உதயா. ஒரு துப்பறியும் கெட்டிலின் கதையில் குற்றவாளி யார் என்று உளறியதற்காக ஜுபைரை ஒரு மாதம் குரூப்பை விட்டே தள்ளி வைத்தவனும் அவன்தான். அந்த ஜுபைர்தான் 'உப்புத் தபால்' பார்க்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் உதயா வாயை மூடிக்கொண்டிருந்தான். இன்று காலை ஜுபைர், "முடிச்சிட்டேன்டா!" என்று மெசேஜ் போட்டான். அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வந்த வேகத்தில் குரூப் மாறிவிட்டது.

உதயா வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டுக்கு எதிரில், விம்கோ நகர் டீக்கடையில், மதியம் அனிமே குரூப்பின் மற்ற மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். ஜுபைர் லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவன். தமீம் தண்டையார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவன். ஹெப்சிபா ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்பவள். நேரம் கிடைத்தால் அனிமே காட்சிகளுக்குத் தமிழில் குரல் கொடுப்பாள்.

ஜுபைர் ஓடி வந்து உதயாவைக் கட்டிக்கொண்டான்.

"மாமு, கடைசில எட்டுக்காலு எட்டு முத்திரையும் ஒரே நேரத்துல குத்துறான் பாரு! அழுதுட்டேன்டா!"

"என் கல்யாணம் நின்னுடும்டா."

"அதுக்கு அப்பால அழுவலாம். மொதல்ல இதப் பேசு. அந்த கடைசி கவருக்குள்ள இன்னா இருந்துச்சுன்ற?"

"வெத்து கவருடா அது," என்றாள் ஹெப்சிபா. "அதான் பாயிண்டே!"

"வெத்து கவரா? ஐய, நீ படத்தப் பாத்தியா, பாப்கார்ன் துன்னியா?"

உதயா மேசையில் தலையை வைத்துக்கொண்டான். நீலாவை அவனுக்குப் பிடித்திருந்தது. நீலாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. இது அவன் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. நிச்சயதார்த்தத்தன்று மோதிரத்தோடு ஒரு பச்சை நிற பென் டிரைவும் கொடுத்தான். 'உப்புத் தபால்' முழுவதும் அதில் இருந்தது. "இதப் பாரு, நான் யாருன்னு தெரிஞ்சிடும்" என்றான். நீலா பார்க்கவே இல்லை. வைத்த இடத்தில் காணோம் என்றாள். அது ஒரு வருத்தம். இப்போது அது பெரிய வருத்தமாகத் தெரியவில்லை.

போன் சத்தம் போட்டது. சொக்கம்மாள்தான்.

"தம்பி, எட்டுக்காலு யாருன்னு கேட்டேனே? எங்க தம்பி லாஞ்சு மேல எவனுக்காச்சும் கண்ணா?"

"உண்மையச் சொல்லிடு," என்றான் தமீம். "ஜப்பான் கதன்னு சொல்லு."

உதயா போனில் அடித்தான்: 'அது ஜப்பான் கதை பெரியம்மா. நம்ம மாமா இல்ல.'

பதில் உடனே வந்தது. 'ஜப்பான்ல ஏதுப்பா கோதண்டம்?'

நால்வரும் அதைப் படித்தார்கள்.

"இதே சிச்சுவேஷன் ஒரு மங்கா படக்கதைல வருதுடா," ஜுபைர் உற்சாகமாக எழுந்து நின்றான். "ஒரு ஆளு கியூவுல நிக்கிறான். அவ்ளோதான் கத. பதினாலு வால்யூம் வந்துடுச்சு, இன்னும் கவுண்டரே கண்ணுல படல. ஆறாவது வால்யூம்ல அவன் பேரு மாத்திக் கூப்புடுறாங்க. அவன் இன்னா பண்றான் தெரியுமா? அது வேற ஆளுன்னு சொல்லிடுறான்!"

"பதினாலு வால்யூம் கியூவா?" தமீமின் கண் விரிந்தது. "எங்க கீது? லிங்க் அனுப்பு, ஜல்தி."

"அவன் எப்டி தப்பிக்கிறான், அதச் சொல்லு," என்றான் உதயா.

"அதான் சொன்னேனே. வேற ஆளு. ஊர்ல ஒரே ஒரு கோதண்டம்தானா?"

உதயா யோசிக்கவில்லை. யோசிக்கும் நிலையில் இல்லை. அடித்தான்: 'மன்னிக்கணும். அது எங்க யார்டுல வேலை பார்த்த வேற கோதண்டம். தவறிட்டாரு.'

பிறகு யாரோ ஒரு கும்பிடு கை போட்டார்கள். இன்னொருவர் ஒரு விளக்குப் படம் போட்டார். மூன்றாமவர், 'ஆழ்ந்த இரங்கல்' என்றார். நான்காமவர் மேலே எதையும் படிக்காமல், 'கோதண்டம் அண்ணன் ஆன்மா சாந்தியடையட்டும். போன வாரம்தான் பேசினேன்' என்றார்.

"ஐயயோ," என்றாள் ஹெப்சிபா.

அதற்குப் பிறகு மழை மாதிரி வந்தது. நல்ல மனுஷன். கை தாராளம். பொண்ணு கல்யாணத்தைப் பார்க்காமல் போய்ட்டாரே. எடுக்கறது எப்போ?

உதயா, 'அவர் இல்ல, அவர் இல்ல' என்று அடித்தான். அதற்குக் கீழே ஒருவர், 'ஆமாம் தம்பி, அவர் இல்லைன்னு நம்பவே முடியல' என்று எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் பவானி போன் செய்தார்.

"தம்பி, வூட்டாண்ட மாலையும் கையுமா நிக்கிறாங்க. மீஞ்சூர்லேர்ந்து வேன் வெச்சிகினு வந்துட்டாங்க. சாவு மோளத்துக்குக்கூட சொல்லிட்டாங்களாம்."

"அத்த, மாமா நல்லாத்தான் கீறாரு."

"அது எனக்குத் தெரியாதா? செத்தா எனக்குச் சொல்லாம சாவ மாட்டாரு. வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தேன். ஒருத்தரும் குடிக்கல."

"ஏன் அத்த?"

"உன் வாய்ஸக் கேட்டாங்களே! என் நாத்தனாரு அடுப்பாண்ட குந்திகினு கொழம்பு சட்டிய மோந்து மோந்து பாக்குது. நான் உனக்கு இன்னாப்பா பாவம் பண்ணேன்?"

பவானி போனை வைத்துவிட்டார்.

"ஆதாரம் காட்டணும்," ஹெப்சிபா கையை உரசிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "மழைச்சாமி அனிமே ஞாபகம் கீதா? மழைச்சாமிக்குக் குடியிருப்புச் சான்று இல்லன்னு ஊருக்குள்ள வுட மாட்டாங்க. அது இன்னா பண்ணும்? பேசாது. மழைய பெய்ஞ்சே காட்டிடும்! நாமளும் காட்டலாம். அந்த சாவு சீன தமிழ்ல டப் பண்ணி குரூப்புல போடலாம். கோதண்டம், பவானி, எல்லாப் பேரும் வெச்சி. பாத்தா புரிஞ்சிடும், இது பொம்மப் படம்னு."

"எட்டுக்காலு நான்தான்," என்றான் ஜுபைர்.

"நீ சூப்பு கொதிக்கிற சத்தம் போடு, போதும். தமீம் கோதண்டம்."

தமீமின் கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு டப் செய்தார்கள். உதயா மூலையில் உட்கார்ந்திருந்தான். மற்ற மூவரும் அவனை மறந்து போனார்கள். தமீம், "பவானி... சூப்பு சோக்கா கீதும்மா..." என்று சொல்லிச் செத்தான். செத்தது சரியில்லை என்று ஹெப்சிபா சொன்னாள். மறுபடி செத்தான். கொதிக்கும் சத்தத்தில் ஜுபைர் உணர்ச்சிவசப்பட்டு இருமிவிட்டான். மறுபடி. கடைசியில் எல்லாரும் ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நன்றாகவே வந்திருந்தது. உதயாவுக்கே மறுபடி புல்லரித்தது. அதுதான் அவனுக்கு வேதனையாக இருந்தது.

குரூப்பில் போட்டார்கள்.

நெடுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. தமீம், "புரிஞ்சிடுச்சு போலக்கீது," என்றான்.

பிறகு சொக்கம்மாளின் வாய்ஸ் நோட் வந்தது. அதில் பேச்சு குறைவு. அழுகைதான் அதிகம். "ஐயோ... அப்டியே என் தம்பி... சாவறப்பகூட சோக்கா கீதுன்னு சொல்லிகினே போயிருக்கானே..."

அதற்குக் கீழே எண்ணூர் உறவு ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்தப் படத்துல அண்ணன் முகம் களையா இருக்கு. பேனருக்கு இதையே எடுத்துக்கறோம்.'

சாயங்காலம் நீலா கூப்பிட்டாள். குரல் அமைதியாக இருந்தது. அது நல்ல அறிகுறி அல்ல.

"காசிமேடு ஹார்பர் வாசல்ல கீறேன். எங்கப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்காங்க."

"நீலா..."

"எங்கப்பா தலையில தபால் தொப்பி கீது. பின்னால ரெண்டு நீல மீனு நீந்துது. காதாண்ட நுரை நுரையா வருது."

"அது பேக்ரவுண்டு."

"சுத்தி நிக்கிறவங்க கும்புட்டுகினு போறாங்க உதயா. நான் சிரிக்கறதா, அழறதா? நீ பென் டிரைவுல போட்டுக் குடுத்தியே, அந்தக் கததானா இது?"

"ஆமா. நீதான் பாக்கல."

"காணாம பூட்ச்சுன்னு சொன்னேன்ல? டி.வி.யாண்டதான் வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அத்த சொல்லிடுச்சு, இப்டி வாய் வெச்சவன் நம்ம வூட்டுக்கு வேணாம்னு. அம்மா அழுவுது. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அப்பா இன்னா சொல்றாரோ அதான். அதுக்கு மேல என்னால பேச முடியாது."

"எப்ப வராரு?"

"நாளைக்குக் காத்தால. எண்ணூர் புகைபோக்கி கண்ணுல பட்டா டவர் வந்துடும். எல்லா மெசேஜும் ஒண்ணா வந்து வுழும். மொதல்ல உன் வாய்ஸுதான்."

அன்று இரவு உதயா தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அனிமே குரூப்பில் மற்றவர்களும் தூங்கவில்லை. கியூவில் நிற்கிறவனின் மூன்றாவது வால்யூமில் இருந்தார்கள்.

காலையில் கல்யாண குரூப்பில் ஒரே ஒரு வரி விழுந்தது. அட்மின் எழுதியது.

'மாப்ளைய போட்டாண்ட வரச் சொல்லுங்க. தனியா.'

உதயா போனான். துறைமுகத்தில் மீன் ஏலம் சத்தமாக நடந்துகொண்டிருந்தது. வாசலில் பேனர் இல்லை. கட்டிய கயிறு மட்டும் தொங்கியது. கழற்றியது யார் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

லாஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். யாரும் வேலை செய்யவில்லை. பிடித்த மீன் ஐஸில் கிடந்தது. ஏழு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"தோ வந்துட்டான்டா எட்டுக்காலு," என்றான் ஒருவன்.

ஏழு பேரும் வாய்ஸ் நோட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்று உதயாவுக்குப் புரிந்தது. முதலாளி மேல் இவ்வளவு பாசம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. பலகையில் கால் வைத்தான். கை கொடுக்க யாரும் வரவில்லை. டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை உதைத்தார்.

டிரைவர் கேபினுக்குள் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். ஒரு புருவம் மேலே இருந்தது. சுவரில், தபால் தொப்பியோடு, நீல மீன்களோடு, பேனர் ஆணியடித்து மாட்டியிருந்தது. சாட்சிக்கு வைத்திருக்கிறார் என்று உதயா நினைத்தான்.

"குந்து."

குந்தினான்.

"எண்ணூராண்ட டவர் வந்துச்சு. மாப்ள வாய்ஸ் அனுப்பியிருக்காரேன்னு ஸ்பீக்கர்ல போட்டேன். இவனுங்க எல்லாரும் சுத்தி நிக்கிறானுங்க." கோதண்டம் மூச்சு விட்டார். "போடுறதுக்கு முன்னால நானு தனியாக் கேட்டுருக்கணும். அது என் தப்பு."

"மாமா, உங்க பேர வெச்சது தப்புதான். அந்த ஜப்பான் பேரு வாயில நுழையல..."

"பேரு வெச்சா இன்னா? வெச்சிக்கோ."

உதயா தடுமாறினான். "அத்த விசம் வெச்சாங்கன்னு சொன்னது..."

"இத்தினி வருசமா அவ சமையலத்தான் சாப்டுகினு கீறேன். எனக்குத் தெரியாதா எதுல இன்னா இருக்கும்னு?"

"மெய்யாலுமே நீங்க சாவணும்னு நான் நினைக்கல மாமா."

"தெரியும்பா."

"பேனரு..."

"சோக்கா கீது. நான்தான் கழட்டியாந்தேன்."

உதயாவுக்கு இப்போது உண்மையாகவே பயம் வந்தது. திட்டுகிற மாமனாரைச் சமாளிக்கலாம். இது வேறு மாதிரி இருந்தது.

"அப்போ... கல்யாணம்?"

"கல்யாணம் நடக்கும். நீலாவுக்கு உன்னப் பிடிச்சிருக்கு. உங்கத்தையாண்டயும் நான் பேசிக்கறேன். எங்கக்கா வாய நான் மூடிக்கறேன்." கோதண்டம் எழுந்து நின்றார். குரல் உடைந்தது. "ஆனா ஒண்ணு நைனா. நீ இனிமே இந்த போட்டாண்ட மட்டும் வராத. இவனுங்க உன்னத் தூக்கிக் கடல்ல போட்டானுங்கன்னா நான் ஏன்டான்னு கேக்க மாட்டேன். எனக்கே கை துடிக்குது."

"நான் இன்னாதான் மாமா பண்ணேன்?"

கோதண்டம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. வெளியே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

போட்டின் சமையல்காரர் சவரிநாதன் உள்ளே வந்து டீ கிளாஸை உதயாவின் முன்னால் ணங்கென்று வைத்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அவர் கை காட்டிய திசையில், மூலையில், உப்புத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு சின்ன டி.வி. இருந்தது. அதன் பக்கவாட்டில் பச்சை நிறத்தில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது.

"மாப்ள," என்றார் சவரிநாதன், "நாங்க இன்னும் ஒம்போதாவது எபிசோடுலதான் கீறோம்."